எட்டாவது இடம்

“முழங்கால்னு போடலாமா, இடுப்புன்னு போடலாமா?” என்று கணினித் திரையைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டார் வெர்னன் ஹௌகன்.

பிரச்சினை இதுதான். செயிண்ட் ஓஸ்வின் கல்லூரியின் கூடைப்பந்து அணி இந்த வருடம் நன்றாக இருந்தது. போன வருடம் ஆடிய ஐந்து பேரும் அப்படியே இருந்தார்கள். போதாததற்கு டுலூத்திலிருந்து ஆறடி பத்தங்குலத்தில் ஒரு பையன் வந்து சேர்ந்திருந்தான். இப்படிப்பட்ட அணியை எட்டு அணிகளில் எட்டாவது என்று எழுத வேண்டும். மனசாட்சி உள்ளவனுக்குக் கஷ்டமான வேலை. வெர்னனுக்கு மனசாட்சி இருந்தது. அதைவிட முக்கியமாக, ஒரு மகளும் இருந்தாள்.

வடசமவெளிக் கூட்டமைப்பில் மொத்தம் எட்டுக் கல்லூரிகள். சீசன் தொடங்கும் முன்பு எட்டுப் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டு, இந்த வருடம் முதலில் வரப்போவது யார், கடைசியில் நிற்கப்போவது யார் என்று ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். தன் அணிக்குத் தானே ஓட்டுப் போடக்கூடாது என்பது மட்டும்தான் விதி. ஆனால் அக்டோபர் மாதத்தில் அடுத்தவன் அணியை எவன் பார்த்தான்? ஆல்டர் ஃபால்ஸ் பத்திரிகையில் முப்பத்தொரு வருடமாக விளையாட்டுப் பக்கம் எழுதும் வெர்னன், தன் முன்னோட்டக் கட்டுரையை எல்லோருக்கும் முன்கூட்டியே அனுப்பிவைப்பார். அவர்கள் அதைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்புவார்கள். மாணவர்கள் பரீட்சையில் இதைச் செய்தால் கல்லூரியை விட்டே துரத்துவார்கள். பயிற்சியாளர்கள் செய்தால் அதற்குப் பெயர் கருத்துக்கணிப்பு.

ஓஸ்வின் பயிற்சியாளர் டிரெண்ட், வெர்னனின் மாப்பிள்ளை. மூன்று வருடமாகத் தோல்வி முகம். கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் லோவெல் அவனைக் கூப்பிட்டு ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

“பட்டியல்ல உன்னை எந்த இடத்துல போடறாங்களோ, சீசன் முடிவுல அதுக்குக் கீழ போனா மூட்டையக் கட்டிக்கோ.”

ஆல்டர் ஃபால்ஸில் வேலை போன கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு வேறு பிழைப்பு கிடையாது. வேறு மாநிலத்துக்குத்தான் போக வேண்டும். டிரெண்ட் எங்கு வேண்டுமானாலும் போகட்டும், அதைப் பற்றி வெர்னனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் வெர்னனின் மகள் கிரெட்சென்னையும் அவன் கூட்டிக்கொண்டு போய்விடுவான். மனைவி போய் ஆறு வருடமாகிறது. இருப்பது இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் இந்த ஒரு பெண். அவளும் போய்விட்டால் அந்தத் தெருவில் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

எட்டாவது இடத்துக்குக் கீழே ஒன்பதாவது என்று ஒன்று கிடையாது. கடைசி என்று போட்டுவிட்டால் டிரெண்டை யாரும் அசைக்க முடியாது. வெர்னன், டுலூத் பையனுக்கு முழங்காலில் காயம் என்றே அடித்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு, தன்னிடமிருந்த சாவியால் வழக்கம்போல் மகள் வீட்டைத் திறந்து உள்ளே போனார். ஹீட்டரை அறுபத்தெட்டு ஃபாரன்ஹீட்டிலிருந்து அறுபத்துநாலுக்கு இறக்கினார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திறந்து, மகள் அடுக்கியிருந்த தட்டுகளை எல்லாம் எடுத்து, சரியான முறையில் மறுபடி அடுக்கினார். கிரெட்சென் இரவு உடையோடு படியிறங்கி வந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்பா, இன்னிக்கு சனிக்கிழமை.”

“அதுக்குத்தான் அரை மணி லேட்டா வந்தேன். காப்பியில தண்ணி ஜாஸ்தியா இருக்கும்மா. சரி, ஒரு நல்ல விஷயம் கேளு.”

தன் திட்டத்தை அணு அணுவாக விளக்கினார். அவள் படியில் உட்கார்ந்து கேட்டாள்.

“ஆக, நாங்க எங்கயும் போக வேண்டாம்.”

“போகவே வேண்டாம்! நான் சாகற வரைக்கும் இதே தெரு, ரெண்டு வீடு தள்ளி. எப்படி என் ஐடியா?”

“ஓட்டெல்லாம் எப்ப அனுப்பணும்?” என்று கேட்டாள் கிரெட்சென்.

“வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் டயம் இருக்கு.”

மகளுக்குக்கூட இதில் எவ்வளவு அக்கறை என்று வெர்னனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை கொவால்ஸ்கி கூப்பிட்டார். கூட்டமைப்பின் மூத்த பயிற்சியாளர். குரலைக் கேட்டாலே காதிலிருந்து ஃபோனைத் தள்ளிப் பிடிக்கத் தோன்றும்.

“ஏம்ப்பா வெர்ன், அந்த டுலூத் பையன் முழங்காலுக்கு என்ன கேடு? போன ஞாயித்துக்கிழமை பயிற்சியில நான் என் கண்ணால பார்த்தேன். கூரையைத் தொட்டுட்டு வந்தான்.”

“அதான்யா, குதிச்சுக் குதிச்சே போயிடுச்சு.”

“எட்டாவதா போடற அளவுக்கா?”

“முதல் ஆட்டத்துக்கே கம்போடதான் வருவான், பாரு.”

கொவால்ஸ்கி சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை.

அன்று மத்தியானமே சேதி கசிந்து, அந்தப் பையனின் அம்மா டுலூத்திலிருந்து ஃபோனில் ஓவென்று அழுதாள். என் பிள்ளைக்குக் கால் போனதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு எனக்கு ஏன் சொல்லவில்லை என்று டிரெண்டைப் பிடித்து உலுக்கினாள். டிரெண்ட் பதறிப்போய்ப் பையனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், தன் இருபது வருட அனுபவத்தில் இவ்வளவு அழகான முழங்காலைப் பார்த்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கல்லூரி அதை எக்ஸ்ரே படத்தோடு சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டது.

வெர்னன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டியவர். ஒரு மணி நேரத்தில் கட்டுரையைத் திருத்தி மறுபடி அனுப்பினார். முழங்கால் இல்லை, மனக்கசப்பு. அந்த அணியில் ஒருவனோடு ஒருவன் பேசுவதே இல்லை. பந்தைக் கொடுப்பதற்குக்கூட முகம் பார்ப்பதில்லை.

மாலைக்குள் அந்தப் பையன்கள் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு பாட்டுப் பாடி ஒரு வீடியோ போட்டார்கள். டுலூத் பையன் நடுவில் நின்று, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு பேரைத் தூக்கிக் காட்டினான். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

மிஞ்சியது செவ்வாய்க்கிழமை விருந்து ஒன்றுதான். வருடாவருடம் சீசனுக்கு முன்னால் எட்டுக் கல்லூரிக்காரர்களும் ஓட்டல் கூடத்தில் கூடி, வேகாத கோழியும் வெந்து குழைந்த பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டே ஒருவரை ஒருவர் புகழ்வார்கள். கடைசியில் வெர்னன் எழுந்து ஒவ்வொரு அணியைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவார். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு அணிகளைப் பற்றியும் பேசி முடித்து ஓஸ்வினுக்கு வந்தார். பையன்களைக் குறை சொல்ல வழியில்லை. எக்ஸ்ரே இருக்கிறது, வீடியோ இருக்கிறது. பாக்கி இருப்பது ஒரே ஆள்தான்.

“ஓஸ்வின் பசங்க தங்கம். என்ன பண்றது, கோச்சுக்கு ஒண்ணும் தெரியாது. என் மாப்பிள்ளைதான், இருந்தாலும் உண்மையைச் சொல்லணுமில்ல? அவன்கிட்ட ஒரு நாய்க்குட்டியக் கொடுத்தாக்கூட உட்காரப் பழக்க மாட்டான். எட்டாவதுங்கறதே நான் மனசு இரங்கிப் போட்டது.”

 ஏழு பயிற்சியாளர்களும் தட்டிலிருந்த பீன்ஸை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்கள். மூன்றாவது மேசையில் டிரெண்டின் முகம் காதுவரை சிவந்துபோயிருந்தது. பக்கத்தில் கிரெட்சென், தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் டிரெண்ட் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“மாமா, நான் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணேன்?”

“உன் வேலையக் காப்பாத்தறேன்டா மாப்ள! உனக்கு இப்பப் புரியாது.”

அவன் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான். கிரெட்சென் நின்றாள்.

“அப்பா, எங்க வீட்டுச் சாவியக் கொடுங்க.”

“நான் கொடுத்துட்டா காலையில யாரு வந்து திறப்பாங்க?” என்று வெர்னன் சிரித்தார். “போம்மா, குளிருது. எல்லாம் உனக்காகத்தான் செய்யறேன்.”

“தெரியும்ப்பா,” என்றாள் அவள். “அதுதான் எனக்குத் தெரியுமே.”

வெள்ளிக்கிழமை காலை பட்டியல் வந்தது. வெர்னன் பழக்கதோஷத்தில் கீழேயிருந்து படித்தார். எட்டாவது இடத்தில் வேறு யாரோ. ஏழு, ஆறு, ஐந்து. நான்காவதிலும் இல்லை. பெயரே விட்டுப்போய்விட்டதோ என்று பயந்துகொண்டே மேலே போனார்.

முதலிடம், செயிண்ட் ஓஸ்வின். ஓட்டுப் போடத் தகுதியுள்ள ஏழு பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், முதலிடம் போட்டிருந்தார்கள். கூட்டமைப்பின் சரித்திரத்தில் இப்படி நடந்ததே இல்லை என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

வெர்னன் பட்டியலை மறுபடியும் மேலிருந்து படித்துப் பார்த்தார். அதிகமாகத் திட்டிவிட்டோம். கடைசி, கடைசி என்று சொல்லச் சொல்ல, இவன் எதையோ ஒளிக்கிறான் என்று அந்த ஏழு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நாலாவதோ ஐந்தாவதோ வந்திருக்கும். பிழைத்திருக்கலாம்.

பத்து நிமிடத்தில் லோவெல் கூப்பிட்டார். ஆனந்தத்தில் குரல் கீச்சென்றிருந்தது.

“பார்த்தியா வெர்ன், நம்ம பசங்க முதலிடம்! உன் மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். சாம்பியன் ஆகணும். ரெண்டாவது வந்தாலும் மூட்டைதான்.”

சனிக்கிழமை முழுக்க வெர்னன் படுக்கையை விட்டு எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனசைத் தேற்றிக்கொண்டார். சீசன் முடிய ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் லோவெல்லின் மனதை மாற்றிவிடலாம். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு தட்டு சுட்டு எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். சாவி போட்டார், திரும்பவில்லை. பூட்டை மாற்றியிருந்தார்கள். மணியடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

கதவு திறந்தால் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். கிரெட்சென் தரையில் உட்கார்ந்து, கோப்பைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது?”

டிரெண்ட்தான் சொன்னான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

“அரிசோனா, மாமா. பெரிய காலேஜ்ல துணைப் பயிற்சியாளர் வேலை. ‘மூணு வருஷம் தோத்தவனை எப்படி எடுக்கறது’ன்னு ஆகஸ்ட்லேர்ந்து இழுத்துக்கிட்டே இருந்தாங்க. வெள்ளிக்கிழமை பட்டியலைப் பார்த்திருக்காங்க. ஏழுக்கு ஏழு. சாயங்காலமே கூப்பிட்டு, வான்னு சொல்லிட்டாங்க. புதன்கிழமை கிளம்பறோம்.”

வெர்னன் தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார். கை சுட்டது. அதையும் பொருட்படுத்தவில்லை.

“அங்க பக்கத்துல வாடகைக்கு வீடு கிடைக்குமா? சின்னதா இருந்தாப் போதும். நான் ஒருத்தன்தானே.”

“அந்த வெயில் உங்களுக்கு ஆகாதுப்பா,” என்றாள் கிரெட்சென், இன்னொரு கோப்பையைச் சுற்றியபடி. தலை நிமிரவில்லை.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, சுட்ட கைக்குத் தண்ணீர்கூட விடாமல், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகை அடங்கிய இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. ஏழு பேர். ஏழு பேரும் சேர்ந்துகொண்டு தன் பெண்ணைத் தன்னிடமிருந்து பிரித்துவிட்டார்கள். முப்பத்தொரு வருடம் தன் கட்டுரையைக் காப்பியடித்தவர்கள், இந்த ஒரு வருடம் அடித்திருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை கூட்டமைப்பு அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றார். அந்த அலுவலகத்துக்கு மொத்தமே ஒரே ஆள்தான், ஆர்டிஸ். ஓட்டுகளை வாங்கி எண்ணுவதும் அவள்தான், வெளியிடுவதும் அவள்தான். ஓஸ்வின் பேரைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு காப்பி போடப் போனாள்.

“யார் ஆரம்பிச்சது? கொவால்ஸ்கிதானே?”

“விடேன் வெர்ன். முடிஞ்சுபோச்சு. ஒரு கேக் எடுத்துக்கோ.”

“கேக்கா? என் பொண்ணு ரெண்டாயிரம் மைல் தள்ளிப் போறா, நீ கேக்குங்கறியா? நான் கெஞ்சாத குறையா எட்டாவதுன்னு சொன்னேன். ஒருத்தன் கேக்கலையே! எனக்கு ஒண்ணுன்னா ஓடி வருவாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். பார்த்துக்கிட்டே இரு, நாளைக்குப் பேப்பர்ல ஏழு பேர் பேரையும் போட்டு, மானத்தை வாங்கறேனா இல்லையான்னு!”

ஆர்டிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“அவங்களைத் திட்டாத வெர்ன், செவ்வாய்க்கிழமை விருந்து முடிஞ்சதுமே ஏழு பேரும் உனக்காக எட்டாவதுன்னுதான் போட்டு அனுப்பினாங்க, புதன்கிழமை உன் பொண்ணு ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணி, ‘எங்கப்பாகிட்டேர்ந்து தப்பிச்சுப் போக எனக்கு இது ஒண்ணுதான் வழி’ன்னு அழுதப்புறம்தான் மாத்தினாங்க.”