பன்னிரண்டாவது ஆள்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் எங்கள் ராயபுரத்தில் ஆளாளுக்கு ஒன்றை விடுவார்கள். கறியை விடுவார்கள். மீனை விட மாட்டார்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. சிலர் பீடியை விடுவார்கள். நான் இந்த வருஷம் பொய்யை விடுவது என்று தீர்மானித்தேன்.

சாம்பல் புதன் காலை ஏழு மணிப் பூசையில், நெற்றியில் சாம்பலோடு விட்டேன். எட்டேகாலுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. விட்ட பொய் ஓடி வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது.

செய்தி அனுப்பியவர் எங்கள் காலேஜ் பழைய மாணவர் சங்கத்தின் செகரட்டரி. 'நம்ம பாஸ்கெட்பால் டீமுக்கு அறுபது வயசு. இந்த அறுபது வருஷத்துல தலைசிறந்த ஆட்டக்காரர் யாரு? வோட்டுப் போடுங்க. மார்ச் 15, சனிக்கிழமை சாயங்காலம் காலேஜ் கிரவுண்டுல விழா. குடும்பத்தோட வாங்க.'

குடும்பத்தோட. அந்த ஒரு வார்த்தையை மூன்று தடவை படித்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் லியோனார்ட். துறைமுக கேட்டில் பாஸ் சரிபார்க்கிற வேலை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அந்த டீமில் நானும் இருந்தேன். டீமுக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் நான். மூன்று வருஷத்தில் நான் மைதானத்தில் ஆடியது மொத்தம் பதினொரு நிமிஷம். அதிலும் ஏழு நிமிஷம், எதிர் டீம் வந்த வண்டி பங்சர் ஆனதால் நாங்களே இரண்டாகப் பிரிந்து ஆடியது. மற்ற நேரமெல்லாம் பெஞ்ச். ஐகோர்ட் ஜட்ஜுகூட அவ்வளவு நேரம் பெஞ்சில் இருந்திருக்க மாட்டார். மூன்று வருஷத்தில் ஒரு பயல் எனக்குப் பாஸ் கொடுத்ததில்லை. இப்போது துறைமுக கேட்டில் தினமும் முந்நூறு பேர் பாஸ் நீட்டுகிறார்கள்.

இதையெல்லாம் பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்ல முடியுமா? ஜானட் வீட்டுக்குப் போயிருந்தபோது, "மாப்ள காலேஜ்ல இன்னா பண்ணாரு?" என்று யாரோ கேட்டார்கள். சொன்னேன். மாநில ஃபைனல். கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு பாயிண்ட் முன்னால். நாலு செகண்டுதான் பாக்கி. பந்து என் கையில். போட்டேன். கெலித்தோம்.

நடந்தது உண்மை. பந்து மட்டும் என் கையில் இல்லை. போட்டவன் சுஃபியான். எனக்குப் பந்து வரவில்லை. பந்தா மட்டும் வந்தது.

பொய் என்றால் அதற்கும் வயது ஏறும் போலிருக்கிறது. கல்யாணத்தின்போது ரிங்குக்குப் பக்கத்தில் நின்று போட்டேன். மகள் ரோஸ்மேரி பிறந்தபோது இருபதடி தள்ளி நின்று போட்டேன். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் பாதி மைதானத்திலிருந்து போட்டேன். இப்போது அவள் பி.காம். படிக்கிறாள். நான் ஒற்றைக் காலில், அந்தரத்தில், கண்ணை மூடிக்கொண்டு போடுகிறேன். ஆதாரத்துக்குச் சுவரில் டீம் போட்டோ வேறு. அதில் பந்து என் கையில்தான் இருக்கிறது. போட்டோக்காரர், "யாராச்சும் அந்தப் பந்தப் புடிங்கப்பா" என்றார். மற்றவர்கள் கையில் கோப்பை இருந்தது. நான் பிடித்தேன்.

வாட்ஸ்ஆப்பில் அன்று மத்தியானத்துக்குள் யுத்தம் தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் சுஃபியான் கோஷ்டி. ஒரே மேட்சில் நாற்பத்தொரு பாயிண்ட் போட்டவன், கோப்பையைக் கொண்டு வந்தவன், இன்னா பேச்சு வேண்டிக்கீது என்றார்கள். இன்னொரு பக்கம் ஜெயவேல் கோஷ்டி. அவன் ஒருத்தனை மார்க் பண்ணி மறித்தால், அந்த ஆளால் பெத்த தாய் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்றார்கள். எழுபதுகளில் ஆடிய ஒரு பெரியவர், "நாங்கள்ளாம் வெறுங்கால்ல ஆடனோம், எங்களுக்கு வோட்டு இல்லியா?" என்று குரல் செய்தி அனுப்பினார். அவரை யாரும் கவனிக்கவில்லை. நடுவில் ஒருவர் ரோஜாப்பூ போட்டு 'இனிய மதிய வணக்கம்' என்றார். அவரை இரண்டு கோஷ்டியும் சேர்ந்து திட்டியது.

சுஃபியான் இப்போது தண்டையார்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கிறான். தனக்குத் தானே வோட்டுக் கேட்டு வீடியோ போட்டான். ஜெயவேல் எண்ணூரில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவன் ஒரு வார்த்தை எழுதவில்லை.

நானும் எழுதவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஜானட் என் போனைக் கையில் வாங்கினாள். அது தினமும் நடக்கிற சோதனை.

"இன்னாய்யா இது? பெரிய ஆட்டக்காரன் யாருன்னு ஓட்டுப் போடறாங்க. உன் பேரு எங்க?"

"அது... நானே வேணாம்னுட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"தன்னடக்கம்."

"யாருக்கு? உனக்கா? போன மாசம் கேஸ் சிலிண்டர மாடிக்குத் தூக்கிகினு வந்தத, தெரு முயுக்க சொல்லிகினு திரிஞ்ச."

"அது வேற ஜானட்டு."

"ஃபைனல்ல கடைசி கோல் போட்டது நீ."

"கோல் இல்லம்மா. பாஸ்கெட்டு."

"ஏதோ ஒண்ணு. போட்டது நீ. இங்க எவனோ சுஃபியான் போட்டான்னு எழுதிகினு கீறான். உட்டுடுவேனா? இரு, நானே ஒரு வாய்ஸ் போடறேன்."

மைக் பட்டனில் அவள் கட்டைவிரல். காலேஜ் நாளில் காட்டாத வேகத்தைக் காட்டினேன். பாய்ந்து போனைப் பிடுங்கினேன். முழங்கால் டீப்பாயில் இடித்தது.

"ஜானட்டு, சண்ட வேணாம். நமக்குள்ள தெரிஞ்சா போதும்."

"சரி. விழாவுக்காச்சும் போலாம். குடும்பத்தோட வாங்கன்னு போட்ருக்கான். எங்க அண்ணனையும் இட்டுகினு போலாம். என்னிக்கு?"

தேதி அவள் கண்ணில் படவில்லை! ஆண்டவரே, நன்றி.

"இருவத்தி ரெண்டாந்தேதி" என்றேன். தவக்காலத்தின் முதல் நாள். முழுசாகப் பத்து மணிநேரம்கூட ஆகவில்லை.

"அடுத்த வாரம் சனிக்கிழமையா?"

"அதுக்கும் அடுத்தது."

"சரி" என்றாள். அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் அவள் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு நிம்மதிதான் வந்தது. அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

பதினைந்தாம் தேதி. "ஓவர் டைம் கீது, வர லேட்டாவும்" என்று சொல்லிவிட்டு யூனிபார்மில் கிளம்பினேன். உள்ளே டீமின் நீல பனியன். போய், பின்வரிசையில் உட்கார்ந்து, கை தட்டிவிட்டு, திரும்பி வந்துவிடுவது. இருபத்திரண்டாம் தேதி வந்ததும், விழா அவசரமாக முன்னாலேயே முடிந்துவிட்டதாம் என்று சொல்லிக்கொள்ளலாம். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

கிரவுண்டில் சீரியல் லைட், சாமியானா, முந்நூறு நாற்காலி. யூனிபார்ம் சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

முன்வரிசையில் மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவை. தலையில் ஒரு முழம் மல்லி. பக்கத்தில் என் மச்சான் சாவியோ, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

ஜானட் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா, டூட்டி முடிஞ்சிடுச்சா?"

"தே... தேதிய மாத்திட்டாங்களாம்..." என்றேன்.

"அப்டியா? நல்லதாப் போச்சு. உக்காரு." பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்தாள். எனக்காகப் பிடித்து வைத்திருந்த இடம். உட்கார்ந்தேன்.

செகரட்டரி மைக்கைப் பிடித்தார். வோட்டு முடிவு: சுஃபியான் எண்பத்தெட்டு. ஜெயவேல் எண்பத்தெட்டு. ஒரே கூச்சல். சுஃபியான் எழுந்து, "எண்ணி முடிக்கறதுக்குள்ள எவனோ கை வச்சிட்டான்!" என்றான். கடைசி வரிசையில், வேலைக்குப் போட்ட காக்கிச் சட்டையோடு ஜெயவேல் உட்கார்ந்திருந்தான். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருப்பான், காதோரத்தில் கரி. இன்னொருவரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

செகரட்டரி கையமர்த்தினார். "சண்ட வேணாம். ரெண்டு பேரும் ஒரே டீமு. அந்த மூணு வருஷமும் ஒரு மேட்ச் உடாம மொத நிமிஷத்திலேர்ந்து கடைசி நிமிஷம் வரிக்கும் பாத்த ஆளு ஒருத்தர் நம்ம நடுவுல கீறாரு. அவரு இன்னா சொல்றாரோ அதான் தீர்ப்பு. லியோ, மேல வாப்பா!"

பார்த்த ஆள். முந்நூறு பேரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத ஒரே ஆள் என் மனைவி என்று நினைத்தேன். அவள் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள்.

மேடை ஏறினேன். மைக்கை வாங்கினேன். இரண்டு வழி இருந்தது. "ரெண்டு பேரும் சமம்" என்று சொல்லி இறங்கிவிடலாம். பொய் பிழைத்துக்கொள்ளும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது ஜெயவேல் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினான். இடது கைச் சுண்டுவிரல் இன்னும் கோணலாகத்தான் இருந்தது.

வாயில் வேறு வந்துவிட்டது.

"நான் பெஞ்சுல உக்காந்துகினு இருந்தவன்" என்றேன். "மூணு வருஷமும். தண்ணி குடுப்பேன், துண்டு குடுப்பேன். ஃபைனல்லயும் அப்டித்தான். கடைசி பாஸ்கெட்ட போட்டது சுஃபியான். நான் இல்ல."

யாரும் அசரவில்லை. நீ என்று யார் சொன்னது என்பது போலப் பார்த்தார்கள். நான் முன்வரிசைப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவில்லை.

"அந்தப் பந்த எல்லாரும் பாத்தீங்க. நான் பெஞ்சுல கீறேன், எனக்குக் கோணம் வேற. ஃபர்ஸ்ட் ஹாஃப்லயே ஜெயவேலுக்குச் சுண்டுவெரலு பெசகிடுச்சு. கோச்சுகிட்ட சொல்லாதடான்னான். என் ஷூ லேஸக் கயட்டி, அந்த வெரல பக்கத்து வெரலோட சேத்துக் கட்டனேன். புத்தம்புது லேசு, ஆடாத ஷூ தான? கடைசி நாலு செகண்டுல சுஃபியானப் புடிக்க ரெண்டு பேரு ஓடியாந்தானுங்க. ஜெயவேலு குறுக்கால போய் நின்னான். ரெண்டு பேரும் அவன் மேலயே முட்டிகினு நின்னுட்டானுங்க. அந்தக் கையி இவன் நெஞ்சுக்கும் அவனுங்க நெஞ்சுக்கும் நடுவுல நசுங்கிச்சு. கத்தல. பந்து உள்ள போச்சு, அல்லாரும் சுஃபியானத் தூக்கிகினு ஓடனீங்க. இவன் கீய உக்காந்துகினு லேஸ அவுத்து என்கிட்ட குடுத்தான். தேங்க்ஸ்டான்னான். நான் பாத்ததுல அவன்தான் பெரிய ஆட்டக்காரன்."

சுஃபியான் எழுந்தான். ஆறடி மூன்றங்குலம், டயர் தூக்கிய தோள். அடி விழப்போகிறது என்று மைக்கை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

அவன் என் பக்கம் வரவில்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போனான்.

"டேய் மாமு" என்றான். "அந்த நாலு செகண்டுல என்னிய ஏன் ஒருத்தனும் புடிக்கலன்னு இருவத்தேயு வருசமா யோசிச்சிகினு கீறேன்டா. நீ வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

ஜெயவேல் விரலைப் பார்த்தான். "கெலிச்சிட்டோம்ல? அப்பால இன்னா?" என்றான்.

சுஃபியான் அவனை அப்படியே தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தான். இந்தத் தடவை எல்லோரும் சரியான ஆளோடு ஓடினார்கள். வெறுங்காலில் ஆடிய பெரியவர்கூட ஓடினார்.

கூட்டத்துக்கு நடுவில் நான் நின்றேன். இருபத்துநாலு வருஷமாகத் தலைமேல் நின்ற கன்டெய்னரை கிரேன் இறக்கியது போல இருந்தது. மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. இனி எந்த வீட்டு விசேஷத்திலும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டாம். ஜானட் இன்று என்னைக் கொன்றாலும் நிம்மதியாகச் சாவேன்.

அவள் கொல்லவில்லை. சாவியோவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, "வா, நடந்து போலாம்" என்றாள். கடல் காற்று அடித்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. பாதி தூரம் அவள் லாரிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

"ஜானட்டு, பொய் சொன்னது தப்புதான். திட்டிடு."

"இன்னிக்கி நல்லாப் பேசன. நீ மேல ஏறுனா உண்மையச் சொல்லிடுவேன்னு எனக்குத் தெரியும். அதான் செகரட்டரிக்கு போன் போட்டு, எதுக்காச்சும் உன்ன மேல கூப்புடச் சொன்னேன்."

நான் நின்றுவிட்டேன். "நீயா? அப்ப உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தேதியா?"

"எல்லாம்!"

"நீ பொண்ணு பாக்க வந்ததுக்கு மொத நாளே தெரியும். எங்கண்ணன் உன் காலேஜுக்குப் போய் விசாரிச்சிட்டு வந்துட்டாரு. நீ பந்து போட்ட கதயச் சொல்லச்சொல்ல, எங்கம்மா சமையல்கட்டுல முந்தானைய வாயில வச்சிகினு சிரிச்சாங்க. காப்பி ஏன் அவ்ளோ லேட்டா வந்துச்சின்னு நெனச்ச?"

லாரி டிரைவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது.

"அப்பறம் ஏன்டி என்னக் கட்டிகின? வேற ரெண்டு எடத்துலேர்ந்துகூட கேட்டாங்களே. ஒருத்தன் பேங்க்கு, ஒருத்தன் ரயில்வே."

"எங்கண்ணன் விசாரிச்சிட்டு வந்து சொன்னாரு பாரு, அதுக்கப்பால அந்த ரெண்டு பேரையும் வேணாம்னுட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

ஜானட் என் கையைக் கோத்துக்கொண்டாள்.

"'மூணு வருசம் உக்காருன்ன எடத்துல உக்காந்துகினு, கேட்டப்பல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்துகினு, ஒரு நாளும் ஏன்னு கேக்காத பையன்'னாரு."