ஆமை கண் சிமிட்டிய கதை

ஒரு காட்டில் ஒன்பது வீடுகளும் ஒரு பெட்டியும் இருந்தன. பெட்டி ஒரு புளியமரத்தில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. புலிப்பாய்ச்சல் ஃபைபர் என்ற கம்பெனியின் இணைய வயர் அந்தப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து வீடு வீடாகப் பிரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பூட்டிக்கிடக்கும் எதையும் மரியாதையோடு பார்ப்பது அந்தக் காட்டின் வழக்கம்.

ஒன்பதில் ஒரு வீட்டில் ஆபத்சகாயம் என்ற ஆமை குடியிருந்தார். வயது நூற்றுப் பன்னிரண்டு. ஆற்றோரம், நாவல் மரத்தடியில் நிழலான வளை. பெயர்தான் ஆபத்சகாயமே தவிர, எவருடைய ஆபத்திலும் அவர் உதவிக்குப் போனதாகத் தகவல் இல்லை. உபத்திரவமும் செய்ததில்லை. சாது என்று பெயரெடுத்திருந்தார். அந்தக் காட்டில் சாது என்றால், வரிசையில் அவருக்கு முன்னால் புகுந்து நின்றாலும் வாய் திறக்கமாட்டார் என்று அர்த்தம்.

அந்த வருஷம் சிங்கத்தின் ஆபீஸிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வயதான விலங்குகள் எல்லாரும் தாங்கள் உயிரோடு இருப்பதை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நிரூபிக்க வேண்டும். கஷ்டம் ஒன்றுமில்லை. ஆபீஸின் ஆப்பைத் திறந்து, செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டி, இரண்டு தடவை கண் சிமிட்டினால் போதும். ஆனால் அவரவர் வீட்டு இணைப்பிலிருந்துதான் சிமிட்ட வேண்டும். அடுத்த வீட்டு இணைப்பில் சிமிட்டினால் செல்லாது. சிமிட்டாதவர்கள் செத்தவர்களாகப் பதிவேட்டில் ஏறிவிடுவார்கள். அவர்களுடைய வீடு, வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும்.

ஆபத்சகாயம் செவ்வாய்க்கிழமை காலையிலேயே குளித்து, ஓட்டைத் துடைத்துக்கொண்டு, போனை எதிரே சாய்த்து வைத்து உட்கார்ந்தார். போனில் ஒரு வட்டம் சுற்றியது. ஆமைக்கே பொறுமை போகிற வரைக்கும் சுற்றியது. எழுந்து போய் ரௌட்டரைப் பார்த்தார். பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அன்றைக்குச் சிமிட்டியது அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டில் கரடி கனகசபை. ஆபத்சகாயம் அவர் வாசலில் போய் நின்று கூப்பிட்டார்.

"கனகசபை, உங்க வீட்ல நெட் வருதா?"

"ஜம்முனு வருதே. நேத்துதான் வராம இருந்துச்சு. மாட்ச் பாத்துட்டு இருக்கேன், பாதியில புடுங்கிக்கிச்சு. போன் போட்டுக் கத்துன கத்துல லைன்மேன் ஓடியாந்து சரி பண்ணிட்டான். நீங்க ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவை பாருங்க."

"வெயிலா இருக்கு. கொஞ்சம் உள்ள வந்து உக்காந்து, அந்தக் கம்பெனி நம்பரை உங்க போன்ல தேடிக்கட்டுமா?"

கனகசபை அசையாமல் கதவை உடம்பால் மறைத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வீட்ல அவங்க பாப்பாங்க."

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. சொன்னவர்கள் மனிதர்கள். காட்டு விலங்குகள் படித்து முன்னேறி, மனிதர்களிடமிருந்து எத்தனையோ கற்றுக்கொண்டிருக்கலாம். இதைத்தான் முதலில் கற்றுக்கொண்டன. நம்பருக்காக ஆபத்சகாயம் வெயிலிலேயே நின்றார். கனகசபை உள்ளே இருந்தபடி ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார்.

காட்டில் செல்போனில் பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும்தான் சிக்னல் வரும். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு மைனா பேசியது. "இணையம் வேலை செய்யவில்லையா? கவலை வேண்டாம். புகாரை எங்கள் இணையதளத்தில் பதிவு செய்யலாம். இணையதளம் திறக்காதவர்கள் மூன்று வினாடிக்குள் ஒன்பதை அழுத்தவும்." ஆபத்சகாயத்தின் கால் ஒன்பதுக்குப் போய்ச் சேர ஐந்து வினாடி ஆகும். ஏழாவது முறை, மைனா பேச ஆரம்பிப்பதற்கு முன்பே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்து அழுத்தினார்.

புதன்கிழமை லைன்மேன் வந்தான். மாசிலாமணி என்ற குரங்கு. தோளில் வயர்ச் சுருள், காதில் பேனா. வந்ததும் ரௌட்டரைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"சார், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க."

"நெட் இன்னும் வரலையேப்பா."

"வரும் சார். மேல கம்ப்ளெயிண்டை க்ளோஸ் பண்ணினாத்தான் கீழ நாங்க வேலையை ஆரம்பிக்க முடியும். சிஸ்டம் அப்படி."

சிஸ்டம் என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டாத ஜீவன் அந்தக் காட்டில் கிடையாது. ஆபத்சகாயமும் ஆட்டினார். ஓடிபியைச் சொன்னார். மாசிலாமணி போனில் எதையோ தட்டினான். "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று ஆபத்சகாயத்துக்கு உடனே செய்தி வந்தது.

"ஏணி எடுத்துட்டு வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி போனான். குரங்குக்கு எதற்கு ஏணி என்று அவருக்குத் தோன்றியபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை சிங்கத்தின் ஆபீஸுக்குப் போன் செய்தார். கொக்கு குமாஸ்தா எடுத்தது.

"நெட் வரலைங்க. நான் நேர்லயே வந்து கண் சிமிட்டிக் காட்டிடட்டுமா?"

"நேர்லயா?" கொக்குக்குச் சிரிப்பு வந்தது. "நேர்ல யார் வேணும்னாலும் வரலாமே. நேர்ல வர்றவங்களை எப்படிங்க நம்புறது?"

அன்றைக்குப் பொழுது சாய, கடைசி வீட்டுத் தெய்வானை அவரைத் தேடி வந்தாள். தெய்வானை ஒரு வயதான தேவாங்கு. முகத்தில் பாதி கண்தான். பகலெல்லாம் தூங்கி, பொழுது சாய்ந்ததும் எழுந்திருப்பவள். யாரிடமும் இரைந்து பேசியதில்லை. மூன்று நாளாக அவர் நெட் இல்லாமல் அலைவதை அப்போதுதான் கேள்விப்பட்டிருந்தாள்.

"ஏன் அண்ணே, நான் ஒருத்தி இருக்கேன்ல? எங்க வீட்ல நெட் வருது. வாங்க, அங்க வந்து பண்ணிப் பாருங்க."

ஆபத்சகாயம் தயங்கினார். "உனக்குத் தெரியும்ல, ஊர்ல ஒண்ணு சொல்லுவாங்க."

"சொன்னவங்க வீடெல்லாம் ரொம்ப உருப்பட்டுடுச்சாக்கும். வாங்க."

நூற்றுப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் நுழைந்த முதல் பிறத்தியார் வீடு அது. தெய்வானை நாவல் பழம் கொடுத்தாள். அவர் போனைத் திறந்தார். வட்டம் சுற்றவில்லை, ஆப் சட்டென்று வந்தது. இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினார். "இது உங்கள் வீடு அல்ல. இங்கே நீங்கள் உயிரோடு இருப்பதை ஏற்க முடியாது" என்று வந்தது. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த வளையில்தான் அவர் அப்பாவும் இருந்தார், அதற்கு முன்னால் அவருடைய அப்பாவும். நாளை மறுநாள் யாரோ ஒரு புதிய ஆள் வந்து அவரை வெளியே உருட்டிவிடுவான்.

"அழாதீங்கண்ணே. மறுபடி கம்ப்ளெயிண்ட் குடுங்க. இந்தத் தடவை நெட் வர்ற வரைக்கும் ஓடிபியைச் சொல்லாதீங்க. அது நம்ம கையில இருக்கிற வரைக்கும்தான் நமக்கு மரியாதை."

"நீ சிமிட்டிட்டியா?"

"இன்னும் இல்ல. பகல்ல எனக்குக் கண்ணைத் திறக்க முடியாது, ராத்திரியில மூட முடியாது. தூக்கக் கலக்கத்துலதான் ரெண்டும் முடியும். நாளைக்கு அலாரம் வெச்சு நாலு மணிக்கு எந்திரிச்சு முடிச்சுடுவேன்."

வெள்ளிக்கிழமை காலை ஆபத்சகாயம் மறுபடி கம்பெனிக்குப் போன் போட்டார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அவர் மிரண்டார். கழுத்தை அதன் முழு நீளத்துக்கும் வெளியே நீட்டி, கால் நான்கையும் ஊன்றி, நூற்றுப் பன்னிரண்டு வருஷமாக விழுங்கி வைத்திருந்த சத்தத்தையெல்லாம் போனில் கொட்டினார். காடு தாராளமாகக் கொண்டது. நாவல் மரத்தில் ஓர் இலை விழவில்லை. மைனா மட்டும், "உங்கள் கோபம் பதிவு செய்யப்பட்டது. கோப எண்ணைக் குறித்துக்கொள்ளவும்" என்றது.

மூன்று மணிக்கு மாசிலாமணி வந்தான். கோப எண்ணை அன்றைக்கே முடிக்காவிட்டால் அவன் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு விழுமாம்.

"சார், ஓடிபி."

"நெட் வரட்டும்."

"சார், சிஸ்டம் அப்படி."

"நெட் வரட்டும்."

மாசிலாமணி அவரை உற்றுப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டு, அவரைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புளியமரத்தில் ஏறினான். ஏணி தேவைப்படவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே எட்டுத் துளைகள் இருந்தன. எட்டிலும் எட்டு வயர்கள் செருகியிருந்தன. ஒன்பதாவது வயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"தொங்குதே, அதுதான் சார் நீங்க."

"ஒன்பது வீட்டுக்கு எட்டுதானா?"

"நானும் ஆரம்பத்துல கேட்டேன் சார். எப்படியும் ஏதாவது ஒரு வீட்ல ரிப்பேராத்தானே இருக்கும், எட்டே போதும்னு மேல சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை கரடி சார் கத்துனாரு. உங்களைப் புடுங்கி அவருக்குக் குடுத்தேன். நீங்கதான் சாதுன்னு சொன்னாங்க."

ஆபத்சகாயத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவை மறைத்து நின்றுகொண்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்ன கரடியின் முகம் நினைவுக்கு வந்தது.

"கரடியைப் புடுங்கு."

"கடிச்சுடுவாரு சார். அதுக்கு அடுத்தது கீரியம்மா, கேஸ் போட்டுருவாங்க. அந்தப் பக்கம் மூணு வீடும் ஓநாய் குடும்பம். நீங்களே பாத்து, சத்தம் போடாத ஆளா ஒருத்தரைச் சொல்லுங்க. நான் நாலு மணிக்கு வேற காலனிக்குப் போகணும்."

ஆபத்சகாயம் யார் பெயரையும் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் அழுத்திச் சொல்வார். "கடைசி வீட்ல இப்ப தூங்கிட்டு இருப்பாங்க" என்று மட்டும்தான் சொன்னார். நடப்பு அதுதானே. அதைச் சொல்லிவிட்டு, தெய்வானை எழுந்து சிமிட்டி முடிக்கும் வரை இவனைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமா என்று யோசிக்கவும் செய்தார். யோசித்தவர் ஆமை. அது முடிவதற்குள் மாசிலாமணி ஒரு வயரைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகியிருந்தான்.

வீட்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஆபத்சகாயம் போன் முன்னால் உட்கார்ந்து, ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். இன்னொரு தடவை மூடித் திறந்தார். "வாழ்த்துகள். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்" என்று வந்தது. இருபது வருஷம் குறைந்த மாதிரி இருந்தது அவருக்கு. வாசலில் நின்ற மாசிலாமணிக்கு ஓடிபியைச் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டபடி ஐந்து ஸ்டாரும் கொடுத்தார்.

நாலரை மணிக்குத் தெய்வானை வந்தாள். வெயிலுக்குக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் தடவித் தடவி வந்தாள்.

"அண்ணே, உங்க வீட்ல நெட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா."

"அப்பாடா. எனக்குத்தான் வரலை. நேத்து நீங்க இருந்தப்ப நல்லா இருந்துச்சு. மணி வேற ஆகுது."

ஆபத்சகாயம் வளையின் வாசலில் நன்றாக அகலித்து உட்கார்ந்துகொண்டார். "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவை பாரு."

தெய்வானை கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். வெயிலில் கண் கூசியிருக்கும். ஆனாலும் மூடவில்லை, சிமிட்டவும் இல்லை. ஆபத்சகாயம் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். வாழ்நாளில் அவர் எதையும் அத்தனை வேகமாகச் செய்ததில்லை.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. காலமானோர்: தெய்வானை. அவள் வீடு காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த மாசிலாமணியின் மச்சானுக்குப் போனது. அவள் கொடுத்திருந்த புகாரை, வாடிக்கையாளர் உயிரோடு இல்லை என்று எழுதிக் கம்பெனி தானாகவே முடித்துவைத்தது. அந்த மாதம் ஒரு புகார்கூடத் தீராமல் நிற்கவில்லை என்று புலிப்பாய்ச்சல் ஃபைபருக்குச் சிங்கம் கேடயம் கொடுத்தது.

புளியமரத்தடியில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். தெய்வானையும் வந்திருந்தாள். செத்தவர்களுக்குப் பேச அனுமதி கிடையாது என்பதால் முதல் வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். போவதற்கு வேறு இடமும் இல்லை. ஆபத்சகாயம் எழுந்து நாலு வார்த்தை பேசினார். "என்னையும் மதிச்சு வீட்டுக்குள்ள கூப்பிட்ட ஒரே ஜீவன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. கரடி கனகசபை பெண்டாட்டி பக்கம் குனிந்தார்.

"உள்ள விட்டிருக்கா பாத்தியா? நான் அப்பவே வாசல்லயே நிறுத்தினேன்."

நீதி: ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது முழு உண்மை. ஆமையை உள்ளே விடுகிற அளவுக்கு நல்லவர்கள் யாரோ, அவர்கள் வீட்டு வயரைத்தான் பிடுங்குவார்கள்.