விரல் பண்டிதரும் எட்டு விரல் வலியும்

விரல் பண்டிதர் என்றொரு இனம் உண்டு. டீக்கடையில் நீங்கள் இரண்டு விரலைக் காட்டி "ரெண்டு டீ" என்று சொல்லிப் பாருங்கள், டீக்கு முன்னால் அவர் வந்துவிடுவார். "இதையே நீங்க வேற ஒரு ஊர்ல காட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" நமக்கு எதற்கு அது? நாம் இந்த ஊரில்தானே டீ கேட்டோம்!

நம்மவர் அச்சக மேற்பார்வையாளர். புது இயந்திரம் பழகப் பதினைந்து நாள் வெளிநாடு போய்வந்தவர். இயந்திரம் இன்னும் பிடிபடவில்லை, விரல்கள் பிடிபட்டுவிட்டன. ஓரிடத்தில் கட்டைவிரலில் தொடங்கி எண்ணுவார்களாம், இன்னோரிடத்தில் சுண்டுவிரலிலாம், வேறோரிடத்தில் விரித்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித்தான் எண்ணுவார்களாம் என்று அவர் சொல்லிச் சொல்லி, அவரைக் கண்டாலே அச்சகத்தில் எல்லாரும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

அவர் மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. மூன்று நாள் வாயே திறக்கக் கூடாது. பண்டிதருக்குப் பயம். பயம் வந்தால் அவருக்குப் பேச்சு கூடும்.

"வலி பத்துக்கு எவ்வளவு, அக்கா? விரல்ல காட்டுங்க," என்றாள் நர்ஸ்.

மனைவி எட்டு விரலை நீட்டினாள். நர்ஸ் ஊசியை எடுத்தாள்.

"அவசரப்படாதீங்க சிஸ்டர்! மடக்கின விரலை எண்ணுற ஊரும் இருக்கு. அந்தக் கணக்குல இது ரெண்டுதான்."

"சார், அவங்க இந்த ஊர்தானே?"

"அதுக்கில்ல..." என்று ஊர் ஊராக விளக்கத் தொடங்கினார். ஊசி நர்ஸ் கையிலேயே நின்றது. மனைவிக்குக் கண்ணீர் முட்டியது. பளாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா! நெத்தியத் தொட்டா ஒரு ஊர்ல 'நீ புத்திசாலி'ன்னு அர்த்தம்."

அவள் ஒற்றை விரலைக் கதவுப் பக்கம் நீட்டினாள்.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்றாள் நர்ஸ்.

பண்டிதர் எழுந்து வெளியே போனார்.

கதவுக் கண்ணாடி வழியே ஊசி இறங்குவதைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. பாவம், மனசு கேட்காமல் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். பண்டிதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் பெஞ்சில் இருந்தவரிடம் திரும்பினார்: "சார், இந்தக் கட்டைவிரல் இருக்கே..."

சிரிக்கிறீர்களா? எட்டு விரல் என்றதும் உங்கள் கையும் எழுந்ததே, அது நீட்டி எண்ணியதா, மடக்கியா? அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல நாக்கு துடிக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். அவர் விரல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று முதலில் பாருங்கள்.