ஆறாவது கம்பியின் டர்ர்ர்

"டர்ர்ர்ர்."

ஆறாவது கம்பியிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி.

மில்லிமீட்டர் கையை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சுண்டினார்.

"டர்ர்ர்ர்."

"வந்துடுச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"வந்துடுச்சு."

"அப்ப சாப்பிட வாங்க."

அவர் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்டர். லிஃப்ட் நின்ற இடத்துக்கும் மாடித் தரைக்கும் நடுவில் இரண்டே மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் தெரிந்தாலும் போதும், 'உபயோகிக்கக் கூடாது' என்று சிவப்புச் சீட்டு ஒட்டி, பதினான்கு மாடிக்காரர்களையும் படியேற வைத்துவிடுவார். அதனால் வந்த பெயர்தான் மில்லிமீட்டர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

கம்பெனியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு ஊழியர்களே சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்திருந்தார்கள். குழுவின் தலைவர் ஸ்டோர்கீப்பர். "நமக்கு பேஸ் கித்தார் வாசிக்க ஆள் இல்ல" என்று அவர் சொன்ன அன்றே மில்லிமீட்டர் கையைத் தூக்கிவிட்டார். கல்லூரியில் கொஞ்ச நாள் கித்தார் பிடித்த கை அது. கித்தாரையும் விட மனசில்லை, பேஸையும் விட மனசில்லை. தேடித் தேடி இரண்டுக்கும் நடுவில் ஒன்றை வாங்கி வந்தார். சாதாரண பேஸுக்கு நாலு கம்பி. இதற்கு ஆறு. கித்தாரின் அதே சுருதி வரிசைதான், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே.

"ரெண்டுங்கெட்டான்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

ஒலி என்னவோ அருமைதான். ஆறாவதான அடிக்கம்பியைத் தவிர. அதைச் சுண்டினால், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டை எதிலோ கம்பி உரசி டர்ர்ர் என்றது. சனிக்கிழமை ஒத்திகையில் ஸ்டோர்கீப்பர் கெடு வைத்துவிட்டார்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள அந்த வண்டை விரட்டிட்டு வா. இல்லன்னா கீபோர்டுக்காரரோட இடது கையே பேஸைப் பார்த்துக்கும்."

ஓர் இடது கையிடம் தோற்பதா?

"கடையில குடுத்துப் பார்க்கலாமே" என்றாள் மனைவி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது.

"நானூறு லிஃப்டைக் கட்டி மேய்க்கறவன் ஆறு கம்பியைச் சரிபண்ண மாட்டேனா?"

மேஜையின் அந்தப் பக்கம் மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். இப்போது ஓய்வு. மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பார். அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"மாப்பிள்ளை, இன்னைக்கும் அதைத் தொடப் போறீங்களா?"

"கொஞ்ச நேரம்தான் மாமா. காதுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லுங்க."

"காதை விடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மில்லிமீட்டர் எஃகு அளவுகோலை எடுத்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் அடிக்கம்பியின் உயரம் இரண்டு மில்லிமீட்டர். கம்பி தாழ்வாக ஓடுவதால்தான் உரசுகிறது. கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பாலத்தின் குட்டித் திருகைத் திருப்பி மூன்றுக்கு ஏற்றினார். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினார்: 'உயரம் 3. சரி பார்க்கப்பட்டது.'

திங்கட்கிழமை சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் அளந்தார்.

இரண்டு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அளந்தார். அப்போதும் இரண்டுதான். ஆனால் ஆறு கம்பிகளும் சுருதியில் அப்பழுக்கில்லாமல் நின்றன. அதுதான் அவருக்கு ஆச்சரியம்.

"திருகு தானா இறங்குது" என்று மனைவியிடம் அறிவித்தார். "அதிர்வுல கழலுது. லிஃப்ட்லயும் இப்படித்தான். இதுக்கு மருந்து இருக்கு."

மருந்து என்பது லிஃப்ட் திருகுகள் கழலாமல் இருக்கப் போடும் சிவப்புப் பசை. ஒருமுறை இறுகிவிட்டால் நெருப்பைக் காட்டினால்தான் விடும். திருகை மறுபடி மூன்றுக்கு ஏற்றி, பசையைத் தாராளமாக விட்டார்.

"இனிமே எவனாலயும் இதை அசைக்க முடியாது" என்றார்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனார் ஒருமுறை இருமினார்.

செவ்வாய்க்கிழமை. பசை கல்லாக நின்றது. திருகு இம்மியும் அசையவில்லை. அளவுகோலை வைத்தார்.

இரண்டு.

மில்லிமீட்டருக்கு வியர்த்தது. வாத்தியத்தைத் தூக்கி, கழுத்தோடு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். லேசாக வளைந்திருந்த கழுத்து கிட்டத்தட்ட நேராக நிமிர்ந்திருந்தது. கழுத்துக்குள்ளே நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதை முறுக்கினால் கழுத்து நிமிர்ந்து வாத்தியக் கம்பிகள் தாழும், தளர்த்தினால் வளைந்து அவை உயரும். அதை யாரும் முறுக்காமல் கழுத்து எப்படி நிமிரும்?

"காத்து!" என்று கத்தினார்.

"என்ன காத்து?" மனைவி ஓடி வந்தாள்.

"காத்துல இருக்கிற ஈரம். மரம் ஈரத்தை இழுத்துக்கிட்டு ஆடுது. நான் அளக்கறதுக்குள்ள மாறிடுது."

கழுத்துக் கம்பியைக் கால் சுற்றுக்கு மேலேயே தளர்த்தினார். உயரம் மூன்றைத் தாண்டியது. திருகைக் கொஞ்சம் இறக்கலாம் என்று பார்த்தால் அது அவருடைய பசையில் இறுகி நின்று அவரைப் பார்த்துச் சிரித்தது. பிறகு காற்றின் பக்கம் திரும்பினார். கூடத்து ஜன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தினார். மின்விசிறிக்குத் தடை போட்டார். லிஃப்டின் மின்பெட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்சப் போடும் சின்னப் பொட்டலங்களை ஒரு கூடை நிறையக் கொண்டு வந்து வாத்தியப் பெட்டியில், அலமாரியில், சோபாவின் இடுக்கில் எல்லாம் செருகினார்.

"என் கைப்பையில என்னங்க இது?"

"தெரியாம விழுந்திருக்கும்."

"நாலு பொட்டலமா?"

மாமனாரிடம் மட்டும் பணிவாகச் சொன்னார். "மாமா, பகல்ல ஜன்னலைத் திறந்துடாதீங்க."

"நான் எதுக்குத் திறக்கறேன் மாப்பிள்ளை? சத்தம் வெளியில போகும்" என்றார் அவர்.

தெருச் சத்தம் உள்ளே வரும் என்று சொல்ல வந்தவர், வயசானதில் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று மில்லிமீட்டர் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் கிடங்கில் ஒத்திகை. வாத்தியத்தைக் காலையிலேயே அலுவலகத்துக்குத் தூக்கிப் போய்விட்டார். டர்ர்ர் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் புதுத் தலைவலி ஒன்று வந்து சேர்ந்தது. கம்பிகள் அவ்வளவு உயரத்தில் இருந்ததால், ஃப்ரெட் வரைக்கும் அவற்றை அழுத்திக் கொண்டுபோகும்போதே இழுபட்டு, ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு முடியளவு மேலே போய் நின்றது.

ஸ்டோர்கீப்பர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"நாங்க எல்லாரும் ஒரு லிஃப்ட்ல ஏறிக்கிட்டிருக்கோம். நீ மட்டும் பக்கத்து லிஃப்ட்ல வர்ற."

கீபோர்டுக்காரர் தன் இடது கையைப் பாசத்தோடு தடவிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எதையோ தொலைத்தவர் மாதிரி முகம்.

"அதை எங்க கொண்டு போயிருந்தீங்க?"

"ஒத்திகைக்கு மாமா."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"ஏன் மாமா, ஒரு நாளாவது வீடு நிம்மதியா இருந்திருக்குமே?"

மாமனார் தன் அறைக்குப் போனார். மில்லிமீட்டர் அளந்தார். காலையில் இருந்த அதே அளவு! கடுகளவும் மாறவில்லை.

"பொட்டலம் வேலை செய்யுது!" என்று துள்ளினார். மனைவி கைக்குட்டையால் விசிறிக்கொண்டே, "அப்படின்னா ஜன்னலைத் திறக்கலாமா?" என்று கேட்டாள். கூடாது என்றார்.

மிச்சமிருந்த டர்ர்ருக்கு அவர் கண்டுபிடித்த காரணம், கம்பி மெலிசு. தடித்த கம்பி போட்டால் இழுப்பு அதிகம், ஆட்டம் குறைவு. லிஃப்ட் வடத்துக்குப் பொருந்துகிற கணக்கு இதற்கும் பொருந்தாதா என்ன? வியாழக்கிழமை வரும் வழியில் இருப்பதிலேயே தடிமனானதை வாங்கி வந்தார்.

அடிக்கம்பி கழுத்தின் உச்சியில் இருக்கிற வெள்ளைக் கட்டையின் பள்ளத்தில் உட்கார மறுத்தது. பள்ளம் சின்னது, கம்பி பெரிசு.

"இப்பவாவது கடைக்குப் போங்களேன்" என்றாள் மனைவி.

"பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினா போதும்."

ஊசி அரத்தை எடுத்தார். நாலு இழுப்பு. உட்காரவில்லை. இன்னும் நாலு. அப்போதும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து இழுப்பு இழுத்தார். கம்பி உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்பதைவிட, விழுந்தது என்று சொல்வதே பொருத்தம். பள்ளம் அகலத்தோடு ஆழமும் ஆகி, கம்பி முதல் ஃப்ரெட்டின் மேலேயே படுத்துக்கொண்டது.

சுண்டினார்.

இப்போது வந்தது வண்டின் சத்தம் இல்லை. மாவு மில்லின் சத்தம்.

மாமனார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மருமகன் கையிலிருந்த அரத்தைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்குன்னு தெரியுமில்ல?" என்றாள் மனைவி.

"அவர் வாத்தியத்தையா நான் அராவறேன்?"

வெள்ளிக்கிழமை வேலையில் அவருக்கு மனசே ஓடவில்லை. இல்லாத ஒரு மாடியைச் சோதித்ததாகப் படிவத்தில் எழுதி, பிறகு அடித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தவர், அராவிய பள்ளத்துக்குள் கம்பிக்கு அடியில் மடித்த காகிதத் துணுக்கு ஒன்று இருப்பதைக் கவனித்தார். நகத்தளவுதான் இருக்கும்.

"கம்பி வந்த பாக்கெட்டோட குப்பை" என்று முணுமுணுத்து, கம்பியைத் தூக்கி, ஊதி, துடைத்து, சுத்தம் செய்தார்.

சுண்டினார். மாவு மில் ஓடியது.

அவர் வாத்தியத்தை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாளைக்குச் சனிக்கிழமை. விழா மேடையில் எல்லாரும் வாசிக்கும்போது, தான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, ஓர் இடது கைக்குக் கைதட்டுவது போன்ற காட்சி கண்முன் வந்தது. மனைவிக்கே பாவமாகிவிட்டது. இந்த முறை அவள் ஒன்றும் கேலி செய்யவில்லை. பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"கடை ஏழு மணி வரைக்கும் இருக்கும். போய்ட்டு வாங்க."

பேருந்து நிலையத்துக்கு எதிரே, தையல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது கித்தார் பழுதுபார்க்கும் கடை. நடத்துவது ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. மில்லிமீட்டர் தன் லிஃப்ட் வேலையையும் நாளைய ஒத்திகையையும் சொல்லிப் பெட்டியைத் திறந்ததும் அவர் வாத்தியத்தைப் பார்த்தார், மில்லிமீட்டரைப் பார்த்தார், மறுபடி வாத்தியத்தைப் பார்த்தார்.

"இது உங்களோடதா சார்?"

"ஆமா மேடம். ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

இரண்டாவது ஃப்ரெட்டில் விரல் வைத்து அடிக்கம்பியை மெதுவாகச் சுண்டினார். கிணற்றடியிலிருந்து எழுவது மாதிரி கனமாக, சுத்தமாக ஸ்வரம் எழும்பியது. உரசலே இல்லை.

"இப்ப நீங்க வாசிங்க."

மில்லிமீட்டர் அதே இடத்தில் விரல் வைத்துச் சுண்டினார். டர்ர்ர்.

"சார், இது லிஃப்ட் வடம் இல்ல. இந்த இழுப்பு இழுத்தா எந்தக் கம்பியும் அழத்தான் செய்யும்."

"அப்ப முதல்லேர்ந்து என் கைதான் காரணமா?"

"முதல்ல கை. இப்ப கையோட சேர்ந்து இந்தப் பள்ளமும். கட்டையைப் புதுசா செஞ்சு, பழைய அளவுலயே கம்பி மாட்டித் தர்றேன். நாளைக்கு மதியம் ஒத்திகைக்குத் தயாரா இருக்கும். மெதுவா மட்டும் வாசிங்க."

மில்லிமீட்டருக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு மூச்சு முழுசாக வந்தது. இடது கை மறைந்து, மேடை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் மூளை சும்மா இருக்குமா? நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணு மட்டும் புரியல மேடம். நான் தினமும் மூணுல வைக்கறேன், மறுநாள் ரெண்டுல நிக்குது. திருகை ஒட்டினா கழுத்து நிமிருது. இது ஈரக் காத்தாலதானே?"

அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஒவ்வொரு தேதியாகப் படிக்கப் படிக்க அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காத்து இல்ல சார், இன்னைக்குக் காலையில ஒரு பெரியவர் இதே பெட்டியைத் தூக்கிட்டு வந்து, அரை மணி நேரம் வாசிச்சுக் காட்டி எங்க எல்லாரையும் வேலையை விட்டுட்டு நிக்க வச்சுட்டு, 'நான் பகலெல்லாம் இதைச் சரிபண்ணி வைக்கறேன், சாயங்காலமானா ஒருத்தர் வந்து கெடுத்துடறார், வீட்டு மாப்பிள்ளைங்கறதால வாயைத் திறக்கவும் முடியல, இந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு போட்டுத் தர முடியுமா'ன்னு கேட்டுட்டுப் போனாரே!"