மூன்று டின் மாத்திரை

ஜவாஹிர் முதலாளியின் இரத்த அழுத்தம் நூற்றெண்பதை விட்டு இறங்க மறுத்தது. ஹஜ் கப்பலுக்கு இன்னும் மூன்று மாதம்தான். போகிறவர்களுக்கு டாக்டரின் சான்றிதழ் வேண்டும். நூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் கையெழுத்துக் கிடையாது என்று சிவஞானம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து இப்போதுதான் முதலாளிக்கும் மனைவி ஸக்கியாவுக்கும் சேர்த்து இடம் கிடைத்திருந்தது. அவளை விட்டுவிட்டுப் போகிற எண்ணம் அவருக்கு இல்லை. முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

டாக்டர் மூன்று மாத்திரை கொடுத்திருந்தார். ஒன்று உப்பையும் நீரையும் வெளியேற்றும், ஒன்று இரத்தக் குழாயை விரிக்கும், ஒன்று நெஞ்சின் துடிப்பை அடக்கும்.

"மூணையும் சேர்த்துக் குடிச்சாத்தான் இதயமும் கிட்னியும் கண்ணும் தப்பும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஆனால் முதலாளி மாத்தளையில் முப்பது வருஷம் வாசனைச் சரக்கு விற்றவர். கராம்பையும் ஏலத்தையும் ஒரே சாக்கில் போட்டால் இரண்டும் மணம் கெடும் என்று அவருக்கா தெரியாது? மூன்று மாத்திரையையும் மூன்று டின்னில் பிரித்துவைத்து, நாளுக்கு ஒன்றாக விழுங்கினார். டாக்டரிடம் மூச்சுவிடவில்லை.

நீர் மாத்திரை நாளில் யட்டவத்த பஸ்ஸில் ஏறியவர், வழியில் மூன்று மதகுகளில் இறங்க வேண்டியதாயிற்று. அந்த மாத்திரையைக் கடை பூட்டும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார். அன்று பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்கு முன், குத்பாப் பிரசங்கத்தின் நடுவே, முன்வரிசையிலிருந்து அத்தனை பேரையும் தாண்டிக்கொண்டு ஓடினார். குழாய் மாத்திரை நாளில் நெஞ்சு படபடவென்று அடித்தது. அடக்கும் மாத்திரை நாளில் தராசுக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போனார். பல்லேபொலயிலிருந்து மிளகு கொண்டுவந்தவர் தானே நிறுத்து, தானே சாக்கைக் கட்டிவைத்துவிட்டுப் போனார்.

ஸக்கியா எதற்கும் அசையாத ஆள். கணவருக்கு உப்பில்லாமல் கறி ஆக்கினாள். வீட்டில் கிடந்த கருவாட்டையும் உப்பில் ஊறிய அச்சாறையும் வீணாக்கக் கூடாதென்று தானே ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தாள்.

அடுத்த தடவை பார்த்தபோது நூற்றுத் தொண்ணூறு. டாக்டர் முகம் சுளித்து, அளவைக் கூட்டி எழுதப்போனார்.

"கூட்டாதீங்க டாக்டர்" என்றாள் ஸக்கியா. "இவர் மூணையும் மூணு டின்னில வெச்சு, ஒரு நாளைக்கு ஒண்ணு மட்டும் குடிக்கிறாரு."

டாக்டரின் பேனா நின்றது. முதலாளி கூரையைப் பார்த்தார்.

"மூணும் ஒண்ணா உள்ள போனா சண்டை பிடிக்காதா டாக்டர்?"

"தனியா விட்டாத்தான் சண்டை. ஒண்ணு நெஞ்சைப் படபடக்க வைக்கும், அதை அடக்கத்தான் மத்தது."

அன்றிலிருந்து விடியக்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஸக்கியா மூன்று மாத்திரையோடு முன்னால் வந்து நின்றாள். விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். முதலாளி கத்தினார், புலம்பினார். அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

ஆறு வாரம் கழித்து நூற்று முப்பது. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. மக்காவின் கஃபாவே கண்முன் வந்து நின்றது போல் இருந்தது. டாக்டர் அவருடைய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒப்புக்கு மனைவிக்கும் ஒரு தடவை பார்த்துவிடும்படி நர்ஸ் சந்திரகாந்தாவிடம் சொன்னார்.

"அவளுக்கு எதுக்கு மிஸ்? அவளுக்குக் கோபமே வராது" என்று முதலாளி சிரித்தார்.

சந்திரகாந்தா ஸக்கியாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். மறுபடியும் அடித்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"முதலாளி போகலாம். இருநூத்திப் பத்து காட்டுறது அவரோட நோனாவுக்குத்தான்."