தொண்ணூற்றேழிலிருந்து முப்பத்தெட்டு

ஒரு காட்டில், ஆற்றோரத்து மருத மரத்தடியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. அதன் தரத்தை அளந்து வரும்படி மேலிடம் ஓர் ஓணானை அனுப்பியது. அந்த ஓணான் நான்தான். மருத்துவம் எனக்குத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். இன்டர்வியூவில் அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள்.

கையில் டேப் என்ற சிறு கணினி ஒன்றும் கொடுத்தார்கள். அதில் நூற்றுப்பன்னிரண்டு கேள்விகள். ஒன்றுக்குப் பதில் போடாவிட்டால் அடுத்தது திறக்காது.

அங்கே நர்ஸ் அன்னக்கொடி என்ற கீரி. டாக்டர் பணியிடம் மூன்று வருடமாகக் காலி என்பதால் எல்லாம் அவர்தான். நான் போனபோது ஒரு முயலின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷ வேலைதான் சிஸ்டர்" என்றேன். நாற்பதாவது கேள்விக்கு வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

"கை கழுவும் முறையை விளக்கும் படம் சுவரில் இருக்கிறதா?"

"படம் இல்ல சார். தண்ணியும் சோப்பும் இருக்கு."

"படத்தைத்தான் கேட்டிருக்கு" என்று சொல்லி, 'இல்லை' என்று போட்டேன்.

அப்போது சிட்டம்மாள் என்ற புள்ளிமான் தன் குட்டியை மெல்ல முட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே குட்டி மடங்கி விழுந்தது.

"நேத்துலேருந்து வயித்தால போகுது சிஸ்டர். பாலும் குடிக்க மாட்டேங்குது."

அன்னக்கொடி எழுந்தார். நான் தடுத்தேன். "உட்காருங்க சிஸ்டர். நோயாளி எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு நான் பதிவு பண்ணணும்."

"காக்க வைக்கிறதே நீங்கதானே சார்."

"காரணம் எழுத இதுல இடம் இல்ல. நேரம் மட்டுந்தான்."

அடுத்த கேள்வியைப் படித்தேன். "நோயாளிகளைக் கனிவுடன் நடத்துகிறீர்களா? எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை."

அன்னக்கொடி டேப்பை என் கையிலிருந்து வாங்கி பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குட்டியிடம் போனார். அதன் கண்கள் உள்ளே போயிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் மடிந்தபடியே நின்றது. "உடம்புல தண்ணி வத்திருச்சு" என்றபடி ஓர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டத் தொடங்கினார். குட்டி வாந்தி எடுத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி புகட்டினார். சிட்டம்மாள் குட்டியின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு நின்றாள். நானோ கவிழ்ந்து கிடந்த டேப்பைத் தூக்கிப் பார்த்து, நேரம் இன்னும் ஓடுகிறதா என்று உறுதி செய்துகொண்டேன்.

மத்தியானம் குட்டி தலையைத் தூக்கி, தாயின் மடியைத் தேடியது. சிட்டம்மாளின் கண் நிறைந்துவிட்டது. நோயாளி தரப்பின் கருத்தைக் கேட்க இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"இங்கே இருக்கைகள் வசதியாக இருந்தனவா?"

"நான் உக்காரவே இல்லீங்களே" என்றாள். 'வசதி இல்லை' என்று குறித்துக்கொண்டேன்.

அன்னக்கொடியின் நிலையத்துக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று வந்தது.

மறுநாள் மலைக்கு அந்தப்பக்கம் இருந்த நிலையத்துக்குப் போனேன். அது பூட்டியிருந்தது. நர்ஸே போடவில்லை என்று சொல்லிக்கொண்டே காவலுக்கு இருந்த வௌவால் கதவைத் திறந்துவிட்டது. தரை பளபளத்தது. கை கழுவும் படம் புத்தம் புதிதாக இருந்தது. மருந்து ஒன்றுகூடக் குறையவில்லை. காத்திருந்தவர்கள் யாரும் இல்லை. புகாரும் இல்லை. தொண்ணூற்றேழு.

சுகாதார இயக்குநரான மயிலுக்கு மிகுந்த மகிழ்ச்சி. தரம் என்றால் என்னவென்று கற்றுக்கொள்ளட்டும் என்று அன்னக்கொடியை அந்தத் தொண்ணூற்றேழுக்கு மாற்றி உத்தரவு போட்டார்.

அன்னக்கொடி அங்கே போனதும் காடே அவர் பின்னால் போனது. தரையெல்லாம் சேறு. மருந்து அலமாரி பாதி காலி. வாசலில் வரிசை. அடுத்த வருடம் நான் போய் அளந்தபோது முப்பத்தெட்டு. ஆள் இல்லாத ஆற்றோர நிலையமோ தொண்ணூற்று நான்குக்கு உயர்ந்திருந்தது. 'அன்னக்கொடி பொறுப்பேற்றபின் தரம் சரிந்துள்ளது' என்று அறிக்கை எழுதினேன். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அந்த மழைக்காலத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல். என் வீட்டிலிருந்து நாலு மரம் தள்ளித்தான் அந்தத் தொண்ணூற்று நான்கு. நான் மலையேறி முப்பத்தெட்டுக்குப் போனேன். ஒரு முள்ளம்பன்றிக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். அன்னக்கொடி என்னை அடையாளம் கண்டுகொண்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், மருந்து கொடுத்தார், ஈரம் படாத மூலையாகப் பார்த்துப் படுக்க வைத்தார்.

மூன்றாம் நாள் காலை பக்கத்தில் வந்து குனிந்து, "இப்ப எப்படி இருக்கு சார்?" என்றார்.

என் நூற்றுப்பன்னிரண்டு கேள்விகளில் அந்தக் கேள்வி இல்லை. சேர்க்கலாமா என்று கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் போட்டேன். அதற்கு விடை எண்ணாக வருமா என்று கேட்டுப் பதில் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதினேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீதி: உடம்புக்கு முடியவில்லை என்றால் மதிப்பெண் குறைந்த ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போங்கள், அங்கேதான் ஆள் இருப்பார்கள்.