ஆண்டவருக்கு ஆகாத மாத்திரை

"மத்தியானத்துக்குள்ள டைப் பண்ணி இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு அனுப்பிடு மார்லிஸ். ஒரே ஒரு பக்கம்தான்" என்று சொன்ன முதலாளி கெரிட் டைக்ஸ்ட்ரா, கையால் எழுதிய கடிதத்தையும் அதன்மேல் ஒரு பெப்பர்மின்டையும் வைத்துவிட்டுப் போனார்.

சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது வரிசையில் கைமாற்றிக் கொடுக்கிற அதே பெப்பர்மின்ட். கம்பெனியில் அவர் அதைக் கொடுத்தால் யாருக்கோ ஏதோ நீளப்போகிறது என்று அர்த்தம்.

மார்லிஸ் போஸ்மா படித்தாள். டைக்ஸ்ட்ரா காரேஜ் கதவுக் கம்பெனி ஒரு கிறிஸ்தவக் கம்பெனி. கருத்தடை மாத்திரை ஆண்டவரின் சித்தத்துக்கு விரோதமானது. ஆகவே ஜனவரி முதல் ஊழியர்களின் மருத்துவ இன்ஷூரன்ஸில் அந்த மாத்திரைகளுக்குப் பணம் கிடையாது. முதலாளியின் மனசாட்சி உறுத்தினால் இப்படி விலக்கு கேட்கலாம் என்று அமெரிக்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. ஊழியரின் உடம்பு உறுத்தினால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. காரேஜ் கதவுகளுக்கு எப்போது ஞானஸ்நானம் ஆயிற்று என்பதும் கடிதத்தில் இல்லை.

மார்லிஸ் அதை இரண்டாம் முறை படித்தாள். அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. டைக்ஸ்ட்ரா குடும்பம் முன்வரிசையில் உட்காருகிற அதே சர்ச்சில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிக்கிறவள். ஐந்து வருஷமாகத் தினம் ஒரு மாத்திரை விழுங்குகிறாள். "அந்த வகை மாத்திரைதான்" என்று டாக்டர் முதல் நாளே குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார். கர்ப்பம் பற்றிய பயமெல்லாம் அவளுக்கு இல்லை. அதற்கு வழியே வைக்காமல் ஊர் அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது. அவளுக்கு மாதாமாதம் அடங்காத ரத்தப்போக்கு. மாத்திரை வருவதற்கு முன் மூன்று நாள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பாள். ஒரு ஈஸ்டர் அன்று ஆராதனை நடுவிலேயே ஆர்கன்மேல் மயங்கி விழுந்தாள். அத்தனை கட்டைகளும் ஒன்றாக அலறியதைப் பாஸ்டர் பரிசுத்த ஆவியின் அசைவு என்று சொல்லிச் சமாளித்தார்.

"கல்யாணமாகாத ஆர்கன்காரி மாத்திரை சாப்பிடுகிறாள்" என்ற செய்தி கிளம்பினால், "ரத்தப்போக்குக்காக" என்கிற பாதி அந்த ஊருக்குள் வந்து சேராது. கைக்காசு போட்டு வாங்கலாமென்றால் அதன் விலை அவள் வீட்டு வாடகையோடு போட்டி போடும். மறுபடி அந்தக் குளியலறைத் தரையா என்று நினைத்தபோதே அவளுக்கு அழுகை வந்தது.

பெப்பர்மின்டை வாயில் போட்டுக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள்.

"மிஸ்டர் டைக்ஸ்ட்ரா, சில பொம்பளைங்க வேற வியாதிக்கும் இந்த மாத்திரை சாப்பிடுவாங்க. அவங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுதிடலாமே?"

"யாரு சாப்பிடறா?"

"யாராவது சாப்பிடுவாங்க. பொதுவாச் சொன்னேன்."

"நியாயம்தாம்மா. நான் என்ன கல்நெஞ்சக்காரனா? அப்படி யாராவது இருந்தா நேரா எங்கிட்ட வரட்டும். என்ன வியாதி, எங்க, எத்தனை நாளான்னு விவரமாச் சொல்லட்டும். ஜெபம் பண்ணிட்டு முடிவு சொல்றேன். அந்த நேரம் கதவைத் திறந்தே வச்சிருப்பேன். அப்பத்தான் யாரும் தப்பாப் பேச மாட்டாங்க."

கதவுக்கு வெளியே பன்னிரண்டு வெல்டர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மார்லிஸ் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

மெஷினைத் திறந்து உட்கார்ந்தவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. கடிதத்தைத் தடுக்க முடியாது. ஆனால் படிக்கிறவன் சிரித்துக் குப்பையில் போடுகிற மாதிரி ஆக்கலாமே! மறுபடி போனாள்.

"மிஸ்டர் டைக்ஸ்ட்ரா, இன்ஷூரன்ஸ்காரங்க சந்தேகப்படுவாங்க. உங்க விசுவாசம் மாத்திரையில மட்டும்தானான்னு கேப்பாங்க. ஓய்வுநாளையும் சேர்த்தாத்தான் நம்புவாங்க."

"எப்படிச் சேர்க்கறது?"

"ஞாயித்துக்கிழமை நடக்கிற எந்த வைத்தியத்துக்கும் கம்பெனி பணம் கட்டாதுன்னு."

டைக்ஸ்ட்ரா நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "இது எனக்குத் தோணாமப் போச்சே! போடு, போடு."

மறுநாள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஷனெல் என்ற பெண் போன் செய்தாள். காலையிலேயே தேன் குடித்த குரல்.

"உங்க லெட்டர் வந்துடுச்சு மேடம். எல்லாத்தையும் போட்டாச்சு."

"எல்லாத்தையுமா? ஞாயித்துக்கிழமையுமா?"

"எங்க கம்ப்யூட்டர்ல அதுக்குக் கட்டமே இருக்கு மேடம். போன மாசம் ஒரு கோழிப்பண்ணைக்காரங்க பௌர்ணமிக்கு எக்ஸ்ரே கூடாதுன்னாங்க. அதையும் போட்டுக் கொடுத்தோம்."

"நீங்க ஒண்ணுமே கேக்க மாட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? காசு உங்க கம்பெனியோடது. நாங்க பில்லைப் பார்த்துக் கட்டறதோட சரி. வேண்டாம்னு நீங்க எத்தனை சொல்றீங்களோ, எங்களுக்கு அத்தனை வேலை மிச்சம்."

மார்லிஸ் டிசம்பரிலேயே மூன்று மாதத்து மாத்திரையை வாங்கி, ஆர்கன் நோட்டுகள் வைக்கிற பையில் பதுக்கினாள்.

ஜனவரி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வெல்டர் டுவேன் வீட்டு வாசலில் பனி வாரும் எந்திரத்தில் கைவிட்டு, கட்டைவிரல் நுனியை இழந்தான். பில் கட்டப்படாமல் திரும்பி வந்தது. கட்டுப்போட்ட கையோடு முதலாளியின் அறைக்குப் போனான். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"சர்ச்சுக்குப் போகத்தானே பனியில பாதை வெட்டினேன் மிஸ்டர் டைக்ஸ்ட்ரா?"

"சர்ச் பதினொன்றரைக்கு முடிஞ்சுது டுவேன். உன் விரல் போனது ரெண்டு மணிக்குன்னு போட்டிருக்கு."

"சாயங்கால ஆராதனைக்கு முன்கூட்டியே வெட்டினேன்!"

"சாயங்கால ஆராதனையில உன்னைப் பார்த்து நாலு வருஷம் ஆச்சு."

டுவேன் வெளியே வந்து மார்லிஸின் மேசைமுன் நின்றான். "ஞாயித்துக்கிழமை யோசனை உன்னோடதாமே? நல்லா இருப்பே தாயி. அடுத்த தடவை விரலைத் திங்கக்கிழமை பார்த்து வெட்டிக்கறேன்."

அன்றிலிருந்து வெல்டர்கள் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் போட்ட காப்பியைக்கூட அவள் முன்னாலேயே கீழே ஊற்றினார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் பையில் இருபத்திரண்டு மாத்திரைகள் இருந்தன. இனி முதலாளியைப் பயமுறுத்தினால்தான் வழி என்று மார்லிஸ் தீர்மானித்தாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் அவருடைய தாத்தாவின் படம் தொங்கியது. தாத்தாவின் வைக்கோல் களஞ்சியக் கதை ஊருக்கே தெரியும்.

"மிஸ்டர் டைக்ஸ்ட்ரா, உங்க தாத்தா களஞ்சியத்துக்கு இன்ஷூரன்ஸே போடலையாமே?"

"போடலை. இன்ஷூரன்ஸ் போடறது ஆண்டவரை நம்பாத புத்தின்னு சொல்லுவார். இடி விழுந்து எரிஞ்சப்ப, தொப்பியைக் கழட்டி ஸ்தோத்திரம் சொன்ன மனுஷன்."

"அதைத்தான் சொல்றேன். இந்த வழியிலயே போனா நாமளும் இன்ஷூரன்ஸையே மொத்தமா நிறுத்தணும். அது நடக்கற காரியமா? நாப்பத்து மூணு பேர் குடும்பம் என்ன ஆகும்? பேசாம அந்த லெட்டரை வாபஸ் வாங்கிட்டு..."

டைக்ஸ்ட்ரா நாற்காலியைத் திருப்பித் தாத்தாவைப் பார்த்தார். திரும்பியபோது கண்ணில் நீர் நின்றது.

"முப்பது வருஷமா இந்த மனுஷன் என்னை முறைச்சுக்கிட்டே இருக்கார் மார்லிஸ். ஏன்னு இன்னிக்குத்தான் புரியுது. உன் வாய் வழியா ஆண்டவரே பேசிட்டார்."

"ஐயோ, நான் பேசினதுதான் மிஸ்டர் டைக்ஸ்ட்ரா! ஆண்டவர் ஒண்ணும் சொல்லலை!"

"உனக்குத் தன்னடக்கம் அதிகம்" என்று சொல்லி இரண்டு பெப்பர்மின்ட் கொடுத்தார்.

ஐம்பது பேருக்குக் குறைவான கம்பெனி இன்ஷூரன்ஸ் தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது. அந்த விவரத்தை அவர் அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துகொண்டார். மார்ச் முதல் தேதியோடு இன்ஷூரன்ஸ் ரத்து. அதற்குப் பதிலாக ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் ஏற்பாடு: வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கேன்டீனில் கூடவேண்டும். நோய் உள்ளவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, என்ன நோய் என்று உரக்கச் சொல்லவேண்டும். ஜெபம் முடிந்ததும் காலிப் பெப்பர்மின்ட் டப்பா ஒன்று கைமாறிக்கொண்டே சுற்றிவரும்.

முதல் வெள்ளிக்கிழமை, பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருக்க, டுவேன் எழுந்து கட்டைவிரலைக் காட்டினான். அடுத்து பெயின்ட் பிரிவு ஹார்வி எழுந்தார்.

"மூலம்" என்றார்.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலை ஹார்வி!" என்றார் டைக்ஸ்ட்ரா.

"மூலம்!"

"எத்தனை நாளா?"

ஹார்வி விவரமாகச் சொன்னார். யாரும் அதற்குமேல் சூப் சாப்பிடவில்லை. டப்பாவில் பதினொரு டாலரும் ஒரு பஸ் டிக்கெட்டும் விழுந்தன.

"அடுத்த வெள்ளிக்கிழமை முதல் சாட்சி நம்ம மார்லிஸ்" என்று டைக்ஸ்ட்ரா அறிவித்தார். "இந்த வழியை நமக்குக் காட்டினதே அவதான். அவளுக்கும் ஏதாவது பாரம் இருக்கும். மனசுவிட்டுச் சொல்லட்டும்."

நாற்பத்திரண்டு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வெல்டர்கள் முதல்முறையாகச் சிரித்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை பையில் ஏழு மாத்திரைகள் மிச்சம். மார்லிஸ் தன் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஷனெலுக்குப் போன் செய்தாள். இத்தனை நாள் எவரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் ஒரே மூச்சில் கொட்டினாள். ரத்தப்போக்கு, ஈஸ்டர், குளியலறைத் தரை, நாளைய கேன்டீன், எல்லாம்.

"இந்த மாத்திரைக்கு மட்டும் ஏதாவது வழி இருக்கா பாருங்கம்மா. அந்த முதல் லெட்டர்லயிருந்து இதைக் காப்பாத்தத்தான் நான் இத்தனை பாடுபட்டேன்."

"அழாதீங்க மேடம். உங்க பேரைப் போட்டுப் பார்க்கறேன்" என்றாள் ஷனெல். தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"இந்த மாத்திரையா? இது கருத்தடைப் பட்டியல்லயே கிடையாதே மேடம். அஞ்சு வருஷமா ரத்தப்போக்கு மருந்துன்னுதான் போயிட்டிருந்தது. உங்க முதலாளி எழுதின முதல் லெட்டரை அப்படியே விட்டிருந்தீங்கன்னா, உங்களுக்கு ஒரு மாத்திரைகூட நின்னிருக்காது."